பார்க்கின்சன் முற்றிய நிலையில் விழுங்குவது: புரையேறாமல் சாப்பிட, குடிக்க, மாத்திரை போட

பார்க்கின்சன் என்றதும் கைநடுக்கம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நோய் முற்றிய பிறகு வீட்டில் இருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது சாப்பாட்டு வேளை. ஒரு வாய் தண்ணீருக்கே இருமல் வருகிறது. மாத்திரை தொண்டையிலேயே நிற்கிறது. ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் இழுக்கிறது. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோதே எச்சில் வடிவதையும் விழுங்க முடியாமல் போவதையும் எழுதியிருக்கிறார். இத்தனை காலம் கழித்தும், மருத்துவரிடம் போனால் நடையையும் விறைப்பையும் தூக்கத்தையும் பேசி முடித்துவிட்டு, இதைச் சொல்லாமலே திரும்பிவிடுபவர்கள் ஏராளம். முற்றிய பார்க்கின்சனில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முன்னணியில் இருப்பது, உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் நிமோனியா. அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விழுங்குவதை நாம் யோசித்துச் செய்வதில்லை. நாக்கு உணவைத் திரட்டிப் பின்னால் தள்ளுகிறது. வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்னண்ணம் எழுந்து மூக்கு வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக எழும்ப, அதன் மூடி கவிழ்ந்து மூச்சுப்பாதையை மறைக்கிறது. மூச்சு ஒரு கணம் நிற்க, உணவுக்குழாயின் வாசல் திறக்கிறது. தொண்டையில் நடக்கும் பகுதி மட்டும் சுமார் ஒரு நொடியில் முடிந்துவிடும். இப்படித் தானாக நடக்கும் தொடர் அசைவுகளைத்தான் பார்க்கின்சன் குலைக்கிறது. நாக்கு உணவைப் பின்னால் தள்ளாமல் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருக்கும். தொண்டையின் அசைவு தாமதமாகத் தொடங்கும். அதற்குள் தண்ணீர் ஓடி மூச்சுப்பாதையின் வாசலுக்கு வந்துவிடும். குரல்வளை முழு உயரத்துக்கு எழும்பாது. விழுங்கிய பிறகும் நாக்கின் அடிவேருக்குப் பின்னுள்ள குழியிலும் குரல்வளைக்கு இருபுறமும் உள்ள குழிகளிலும் கொஞ்சம் உணவு தங்கும். அடுத்த மூச்சை இழுக்கும்போது அந்த மிச்சம் உள்ளே போகும். சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம் கழித்து வரும் இருமலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆனால் ஒன்று நமக்குச் சாதகமாக இருக்கிறது. தானாக நடக்கும் அசைவுகள் குலைந்த பிறகும், கவனம் வைத்துச் செய்யும் அசைவுகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. நடையில் உறைந்து நிற்பவர், தரையில் ஒரு கோட்டைக் காட்டினால் காலை எடுத்து வைத்துவிடுவார். தொண்டைக்கும் அதே வழிதான். விழுங்குவதை அதன் போக்கில் விடாமல், ஒவ்வொரு வாயையும் நினைத்துச் செய்யும் வேலையாக மாற்ற வேண்டும். அந்த வேலையை மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் வைக்க வேண்டும். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த இரண்டின் விரிவுதான்.

இருமலை மட்டும் நம்பாதீர்கள்

"அவருக்கு இருமல் வருவதில்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்பது ஆபத்தான ஆறுதல். இந்த நோயில் தொண்டையின் உணர்வும் மங்குகிறது, இருமலின் வலுவும் குறைகிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கியும் இருமலே வராமல் போகலாம். நோயாளிகளிடம் கேட்டால் மூன்றில் ஒருவர்தான் விழுங்கச் சிரமம் இருப்பதாகச் சொல்கிறார். கருவிகளைக் கொண்டு சோதித்தால் ஐந்தில் நான்கு பேருக்குக் கோளாறு தெரிகிறது. இந்த இடைவெளியில்தான் நிமோனியா வருகிறது.

எனவே வேறு அடையாளங்களைத் தேடுங்கள். விழுங்கியதும் "ஆ..." என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாக, கொளகொளவென்று கேட்டால் குரல்நாண்களின் மேல் ஏதோ நிற்கிறது என்று பொருள். சாப்பாட்டுக்குப் பின் மூக்கில் நீர் வடிவது, மூச்சு வேகமாவது, கன்னத்துக்குள் உணவு ஒதுங்கிக் கிடப்பது, ஒரு வேளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆவது, பிடித்த உணவையே ஒதுக்குவது, உடை தளரும் அளவுக்கு எடை குறைவது, அடிக்கடி சளிக் காய்ச்சல் வருவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தாலே சோதனை கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சோதனைகள் இரண்டு. ஒன்றில், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவு செய்வார்கள். மற்றொன்றில், மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியே விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பார்கள். எந்தக் கெட்டித்தன்மையில் புரையேறுகிறது, எந்தத் தலைநிலையில் புரையேறுவது நிற்கிறது என்பதை இவைதான் காட்டும். விழுங்கலில் பயிற்சி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட் உடன் இருந்து செய்தால், வீட்டில் எப்படி ஊட்டுவது என்ற விடையோடு வெளியே வரலாம். சோதனைக்குப் போகும் நாளில் மாத்திரையை வழக்கமான நேரத்தில் கொடுத்துவிட்டே போங்கள். வீட்டில் எந்த நிலையில் சாப்பிடுவாரோ அதே நிலையைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும்

பார்க்கின்சனுக்கான முதன்மை மருந்தான லெவோடோப்பா உடலைப் பிடித்திருக்கும் நேரத்தில் நிமிர்ந்து உட்காரவும், கையை வாய்க்குக் கொண்டுபோகவும், மெல்லவும், விழிப்போடு இருக்கவும் முடிகிறது. தொண்டையின் விழுங்கல் எல்லோருக்கும் ஒரே அளவில் மேம்படுவதில்லை. ஆனாலும் உடல் இறுகிக் கிடக்கும் நேரத்தில் ஊட்டுவதைவிட இது பல மடங்கு பாதுகாப்பு. ஒரு வாரம் ஒரு தாளில் குறியுங்கள்: மாத்திரை கொடுத்த நேரம், உடல் இளகிய நேரம், மீண்டும் இறுகிய நேரம், ஒவ்வொரு வேளையும் சாப்பிட எடுத்த நேரம். நாளின் நல்ல வேளைகள் எவை என்பது அதிலேயே தெரிந்துவிடும். முக்கியமான சாப்பாட்டை அங்கே நகர்த்துங்கள். மருந்தின் உச்சத்தில் உடலும் தலையும் கட்டுப்பாடின்றி ஆடும் சிலருக்கு, அந்த ஆட்டம் சற்று அடங்கியபின் ஊட்டுவது நல்லது.

புரதம் லெவோடோப்பாவுக்குப் போட்டி. குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் கடக்க, இரண்டும் ஒரே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. எனவே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ கொடுப்பது வழக்கம். எடை குறைந்துகொண்டிருப்பவருக்குப் புரதத்தை வெட்டாதீர்கள். அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றினாலே போதும். இரும்புச் சத்து மாத்திரையும் லெவோடோப்பாவைப் பிடித்துவைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது.

மாத்திரை விழுங்குவது தனிப் பிரச்சினை. மாத்திரையும் தண்ணீரும் சேர்ந்து வருவது தொண்டைக்குக் கடினமான வேலை: தண்ணீர் வேகமாக ஓடும், மாத்திரை மெதுவாக நகரும். அது நாக்கின் அடிக்குழியில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே மெல்லக் கரையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "இன்று மாத்திரை வேலையே செய்யவில்லை" என்றுதான் தோன்றும். அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் கேட்கும் முன், மாத்திரை உண்மையிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள். கெட்டியான பழக்கூழ் ஒரு கரண்டியில் மாத்திரையை வைத்துக் கொடுத்து, பின்னாலேயே வெறும் கூழ் ஒரு கரண்டி கொடுப்பது பலருக்குச் சரியாக வருகிறது. தயிர், பால் போன்ற புரதம் உள்ளவை இதற்கு வேண்டாம்.

பொடி செய்யும் முன் மருந்தாளரைக் கேட்டே ஆக வேண்டும். மெதுவாக மருந்தை வெளியிடும் வகை மாத்திரைகளைப் பொடித்தால், பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். லெவோடோப்பா, பார்க்கின்சனுக்கே தரும் ரோபினிரோல், பிராமிபெக்ஸோல் மூன்றிலுமே இந்த வகை உண்டு. பொடிக்க முடியாவிட்டால் வேறு வடிவங்கள் இருக்கின்றன: நீரில் கரையும் லெவோடோப்பா-பென்செராசைடு, நாக்கில் கரையும் லெவோடோப்பா-கார்பிடோப்பா, தோலில் ஒட்டும் ரோட்டிகோடின் பட்டை, தோலுக்கடியில் செலுத்தும் அப்போமார்ஃபின், வயிற்றில் போட்ட குழாய் வழியே சிறுகுடலுக்கு நேராகப் போகும் லெவோடோப்பா ஜெல். நாக்கில் கரையும் மாத்திரை வாயிலிருந்தே ரத்தத்தில் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போன பிறகே அது வேலை செய்யும்.

விழுங்க முடியவில்லை என்பதற்காக பார்க்கின்சன் மருந்தை ஒருபோதும் திடீரென்று நிறுத்தாதீர்கள். கடும் விறைப்பு, அதிகக் காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். குமட்டலுக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், கலக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் ஆகியவை, இந்த நோயில் மூளையில் ஏற்கெனவே குறைந்துபோன டோபமைனைத் தடுப்பவை. பார்க்கின்சன் உள்ளவருக்கு இவை விழுங்கலையும் சேர்த்தே கெடுக்கும். தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியாமல் காலை உணவு ஊட்டுவதும் அபாயம்.

உட்கார வைப்பது, கரண்டி பிடிப்பது

படுக்கையில் சாய்த்து வைத்து ஊட்டுவதைக் கூடியவரை தவிருங்கள். நாற்காலியில் இடுப்பு பின்பக்கம் முட்ட, பாதம் தரையில் பதிய, முதுகு நேராக. ஒருபக்கம் சாய்பவருக்கு அந்தப் பக்கம் சுருட்டிய துண்டை முட்டுக்கொடுங்கள். படுக்கைதான் வழி என்றால், தலைப்பக்கத்தை முழுவதும் உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்; இல்லாவிட்டால் உடல் சறுக்கிச் சறுக்கி, பத்து நிமிடத்தில் பாதி படுத்த நிலைக்கு வந்துவிடும்.

தலை பின்னால் சாயவே கூடாது. சாய்ந்தால் மூச்சுப்பாதை திறந்துகொள்ளும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்க அண்ணாந்தே ஆக வேண்டும். ஆகவே எதிரில், அவர் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்காருங்கள். டம்ளரின் கடைசி மிடறைக் குடிக்கவும் தலை அண்ணாந்துவிடும். மூக்கு இடிக்காதபடி ஒருபக்கம் விளிம்பு வெட்டிய கோப்பை இதற்கென்றே இருக்கிறது. குடிக்க மூக்குபோல் நீண்ட குழல் வைத்த கோப்பை பலர் வீட்டிலும் இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்க்குள் நீரை ஊற்றிவிடும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறிஞ்சுகுழலும் எல்லோருக்கும் ஆகாது. உறிஞ்சும்போது எவ்வளவு வருகிறது என்பது கையில் இல்லை, அதோடு மூச்சை இழுக்கும் அசைவும் சேர்ந்துகொள்கிறது.

தாடையை மார்பை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி விழுங்கச் சொல்வது பரவலான ஆலோசனை. பலருக்கு உதவுகிறது. ஆனால் ஏற்கெனவே கழுத்து முன்னால் தொங்கிவிட்டவருக்கும், விழுங்கியபின் தொண்டைக் குழிகளில் நிறையத் தங்குபவருக்கும் இது நிலைமையை மோசமாக்கலாம். சோதனையில் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

ஒரு வாய்க்கு அரை முதல் ஒரு தேக்கரண்டி. கரண்டியைக் கீழிருந்து நேராகக் கொண்டுவந்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடியதும் நேராகவே வெளியே எடுங்கள். நாக்கின் மேல் விழும் அந்த அழுத்தமே "உணவு வந்துவிட்டது" என்ற செய்தி. மேல்பல்லில் வழித்து எடுத்தால் தலை பின்னால் போகும். பிறகு காத்திருங்கள். கழுத்தின் முன்புறம் குரல்வளை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. ஏறவில்லையென்றால் உணவு இன்னும் வாயில்தான் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு வாய் திணிக்கக் கூடாது. நாக்கு உருட்டிக்கொண்டே இருந்தால் "அப்பா, வாயை மூடுங்க, இப்ப அழுத்தி முழுங்குங்க" என்று குறுகிய சொற்களில், ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் சொல்லுங்கள். காலியான கரண்டியை நாக்கில் லேசாக அழுத்துவதும் சிலருக்கு விழுங்கலைத் தூண்டும். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு முறை விழுங்க வேண்டும்: முதலாவது உணவுக்கு, இரண்டாவது தங்கிய மிச்சத்துக்கு. நாலைந்து வாய்க்கு ஒருமுறை தொண்டையைச் செருமி மீண்டும் விழுங்கச் செய்யுங்கள்.

தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். சாப்பிடும்போது அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். பேச்சும் விழுங்கலும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்வது ஒருபுறம் இருக்க, பார்க்கின்சன் உள்ளவருக்கு இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்வதே கடினம். கவனம் பேச்சுக்குப் போனால் தொண்டை பழைய குலைந்த பழக்கத்துக்குத் திரும்பிவிடும். மறதிநோயும் சேர்ந்துவிட்டால் "நினைத்துச் செய்யும்" பொறுப்பு முழுவதும் ஊட்டுபவரின் கைக்கு வருகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். களைப்பு வந்தபின் ஊட்டும் கடைசிப் பத்து வாய்தான் புரையேறும். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறிய வேளை. முடித்ததும் குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர் ஒரு மணி நேரம்.

தண்ணீரைக் கெட்டியாக்குவது

எல்லாவற்றிலும் கடினமானது வெறும் தண்ணீர். வேகமாக ஓடும், சிதறும், தொண்டை தயாராகும் முன்பே போய்ச் சேரும். பானத்தைக் கெட்டியாக்கும் திக்கனர் பொடி அந்த வேகத்தைக் குறைக்கிறது.

கெட்டித்தன்மையை உலகெங்கும் ஒரே அளவுகோலில் சொல்ல ஐடிடிஎஸ்ஐ என்ற வகைப்பாடு இருக்கிறது. 0 என்பது தண்ணீர், 4 என்பது கரண்டியில் குவிந்து நிற்கும் கூழ். பானங்கள் 0 முதல் 4 வரை, உணவுகள் 3 முதல் 7 வரை. "கொஞ்சம் கெட்டியாக" என்று ஆளுக்கு ஆள் மாறும் பேச்சுக்கு இதில் இடமில்லை. வீட்டிலேயே அளக்கலாம். பூஜ்யம் முதல் பத்து வரையிலான கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் உள்ள 10 மில்லி சிரிஞ்சை எடுத்து, ஊசியில்லாமல், உள்தண்டை உருவிவிட்டு, முனையை விரலால் அடைத்து 10 மில்லி வரை நிரப்புங்கள். விரலை எடுத்து, சரியாகப் பத்து நொடியில் மீண்டும் அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் குறைவென்றால் நிலை 0. 1 முதல் 4 வரை இருந்தால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் நிலை 3. சொட்டுக்கூட ஒழுகாவிட்டால் நிலை 4. சிரிஞ்சின் கோட்டு நீளத்தை அளவுகோலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீளம் வேறாக இருந்தால் இந்த எண்கள் பொருந்தாது.

திக்கனரில் இரண்டு வகை. மாவுச்சத்து வகை, வைத்திருக்க வைத்திருக்கக் கெட்டியாகிக்கொண்டே போகும். எச்சிலில் உள்ள நொதி பட்டால் நீர்த்துவிடும். ஒருமுறை வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கோப்பைக்குள் விட்டுக் கலக்கினால், மீதிப் பானம் சில நிமிடங்களில் இளகிவிடும். சாந்தன் கம் என்ற பிசின் வகை எச்சிலுக்கு அசையாது, கலக்கிய கெட்டியிலேயே பெரும்பாலும் நிற்கும். எச்சில் வாயில் தேங்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கணிப்பு. எந்த வகையானாலும் டப்பாவில் உள்ள அளவுக் கரண்டியைத் தலைதட்டி எடுங்கள். வேறு நிறுவனத்தின் கரண்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கலக்கியதும் குறிப்பிட்ட நேரம் நிற்க விட்டபின் பாருங்கள். அவசரப்பட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டால், குடிக்கும் நேரத்துக்குள் அது பசையாகிவிடும். பாலும் சத்துப் பானங்களும் கெட்டியாகத் தண்ணீரைவிட அதிக நேரம் எடுக்கும்.

மலச்சிக்கலுக்கு மேக்ரோகால் பொடி கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாவுச்சத்துத் திக்கனரோடு அது சேர்ந்தால் கெட்டித்தன்மை போய், பானம் தண்ணீராகிவிடும். பார்க்கின்சனில் மலச்சிக்கல் இல்லாதவர் அரிது என்பதால் இந்தச் சேர்க்கை எளிதில் நடந்துவிடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் இதுபற்றித் தனியாகவே எச்சரித்தது.

அதிகக் கெட்டி என்றால் அதிகப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். கெட்டி கூடக் கூட, பலமிழந்த தொண்டையில் மிச்சம் அதிகம் தங்கும். பார்க்கின்சன் அல்லது மறதிநோய் உள்ள 515 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தாடையைத் தாழ்த்தி வெறும் நீர் குடித்தவர்களுக்கும் கெட்டியாக்கிய பானம் குடித்தவர்களுக்கும் இடையே மூன்று மாத நிமோனியாக் கணக்கில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. அதோடு, கெட்டியான பானம் குடிக்கவே பிடிக்காமல் பலர் நீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். உடல் வறண்டால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, குழப்பம், எழுந்ததும் தலைசுற்றல் எல்லாம் வரிசையாக வரும். சோதனையில் எந்தக் குறைந்த நிலை பாதுகாப்பாக இருக்கிறதோ அதோடு நிறுத்துங்கள். ஒரு நாளில் எவ்வளவு நீர் உள்ளே போனது என்று எழுதிவையுங்கள். சிறுநீர் அடர்நிறமானால் போதவில்லை. வாயை நன்றாகச் சுத்தம் செய்து, சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, சிறு மிடறுகளாக வெறும் தண்ணீர் தரும் முறையும் உண்டு. சுத்தமான நீர் சிறிதளவு உள்ளே போனாலும் நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும், அழுக்கு வாயின் கிருமிகள்தான் கேடு என்பது அதன் அடிப்படை. இருமல் வலு உள்ளவர்களுக்கே அது பொருந்தும். தெரபிஸ்டின் ஒப்புதலோடு மட்டும் செய்யுங்கள்.

உணவில் தொல்லை தருபவை இவை: திடமும் நீரும் கலந்தவை (துண்டுகள் மிதக்கும் சூப், சாறு பிழியும் பழம்), உதிர்பவை (பிஸ்கட், உலர்ந்த ரொட்டி, கொட்டைகள்), ஒட்டுபவை, நாராக வருபவை. கலந்த உணவில் நீர் முந்திக்கொண்டு ஓடுகிறது, திடம் இன்னும் மெல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் பார்க்கக் கெட்டி, வாயில் உருகினால் தண்ணீர். ஐடிடிஎஸ்ஐ நிலை 5-இல் துண்டுகள் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாதாரண முள்கரண்டியின் இரு பற்களுக்கு இடைப்பட்ட அகலம் ஏறக்குறைய அதுதான். நிலை 6-இல் 1.5 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், ஆனால் முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கி, எடுத்தபின் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருக்க வேண்டும். அரைக்கும்போது வெறும் நீர் ஊற்றினால் சத்து நீர்த்துப்போகும். எண்ணெய், வெண்ணெய், பால், கெட்டிக் குழம்பு சேர்த்து அரைத்தால் அதே கரண்டியில் கூடுதல் சக்தி கிடைக்கும்.

எச்சிலும் வாய்ச் சுத்தமும்

எச்சில் வடிவதற்குக் காரணம் அதிகமாகச் சுரப்பது என்று எண்ணுவோம். உண்மையில் விழுங்கும் எண்ணிக்கை குறைந்ததால் அது தேங்குகிறது. நினைவூட்டலுக்கு வழி செய்தால் பாதி தீரும்: சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதிரும் கடிகாரம், அல்லது பேசத் தொடங்கும் முன் எப்போதும் ஒரு விழுங்கல். அதிகமானால் நாக்கடியில் விடும் அட்ரோபின் சொட்டு, கிளைக்கோபைரோனியம், உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போட்யுலினம் ஊசி என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. சுரப்பைக் கடுமையாகக் குறைத்தால் மீதிச் சளி கெட்டியாகித் தொண்டையில் ஒட்டும். சில மருந்துகள் குழப்பத்தையும் கூட்டும். ஆகவே சிறிய அளவில் தொடங்கிப் பார்ப்பதே வழி.

வாய்ச் சுத்தத்தை அழகுக்கான வேலையாக ஒதுக்கிவிடாதீர்கள். புரையேறுவதை முழுவதும் நிறுத்த முடியாது. ஆனால் எதனோடு புரையேறுகிறது என்பது நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கன்ன இடுக்கைப் பாருங்கள். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு. நுரை வராத பற்பசையை மிகக் குறைவாக எடுங்கள். கொப்பளிக்க முடியாவிட்டால் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். செயற்கைப் பல்லை இரவில் கழற்றிக் கழுவி நீரில் போடுங்கள். குழாயில் உணவு போகிறவருக்கும் இது அத்தனையும் வேண்டும்.

இருமலுக்குப் பலம் கூட்ட ஒரு பயிற்சி இருக்கிறது. எதிர்ப்பு விசையுள்ள சிறு கருவிக்குள் வேகமாக ஊதுவது. ஐந்து ஊதல் கொண்ட ஐந்து சுற்று, வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம். 2010-இல் வெளியான சோதனையில் இது பார்க்கின்சன் உள்ளவர்களின் விழுங்கல் பாதுகாப்பைக் கூட்டியது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நோயின் நடுக்கட்டத்தில் இருந்தவர்கள். ஆகவே இதை முற்றும்வரை காத்திருக்காமல் முன்பே தொடங்குங்கள். கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஊத வேண்டும்.

அடைத்துக்கொண்டால்

இருமுகிறார், சத்தம் வருகிறது என்றால் இருமவே விடுங்கள். முன்னால் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். அவர் இருமலைவிட நல்ல கருவி உங்களிடம் இல்லை.

சத்தமே இல்லை, பேச முடியவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் மூச்சு அடைத்துவிட்டது. ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். அவரை இடுப்பிலிருந்து முன்னால் நன்றாகக் குனிய வைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கி, மறு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே பலமாக ஐந்து அடி. குனியாமல் அடித்தால் துண்டு இன்னும் கீழே இறங்கும். வெளிவராவிட்டால் பின்னாலிருந்து கட்டி, தொப்புளுக்கு மேல், நெஞ்செலும்பின் முனைக்குக் கீழ் முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெட்டி இழுங்கள். மாறி மாறித் தொடருங்கள். சக்கர நாற்காலியில் இருந்தால் முதலில் பிரேக். நாற்காலிக்குப் பின்னால் நின்றோ மண்டியிட்டோ செய்யலாம். வயிற்றில் கை சுற்ற முடியாவிட்டால் நெஞ்செலும்பின் நடுவில் கை வைத்துப் பின்னோக்கி இழுங்கள். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள். வாயில் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், தெரியாமல் விரலை விட்டுத் துழாவாதீர்கள். வயிற்றில் அழுத்தம் கொடுத்து மீண்டவரை, நலமாகத் தெரிந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் படித்து வைப்பது போதாது. வீட்டில் ஊட்டும் எல்லோரும் ஒருமுறை நேரடிப் பயிற்சி பெறுங்கள்.

புரையேறிய அடுத்த இரண்டு மூன்று நாள் கவனமாக இருங்கள். வயதானவருக்கு நிமோனியா காய்ச்சலில்லாமலும் வரும். மூச்சு வேகம், புதிய குழப்பம், வழக்கமான மாத்திரையிலும் இளகாத உடல், அதிகத் தூக்கம் ஆகியவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம்.

குழாய் பற்றிய முடிவு, மருத்துவமனையில் சேர்க்கும்போது

வயிற்றுக்குழாய் உணவையும் மருந்தையும் உறுதியாகச் சேர்க்கும். எச்சில் புரையேறுவதை அது நிறுத்தாது. வயிற்றிலிருந்து மேலே எதிர்த்து வருவதையும் நிறுத்தாது. இது தெரியாமல் "குழாய் போட்டால் நிமோனியா வராது" என்று நம்பி ஒப்புக்கொள்பவர்கள் பின்னால் மனமுடைந்து போகிறார்கள். விழிப்பும் ஆர்வமும் உள்ளவருக்கு, எடையும் மாத்திரையும் மட்டுமே சிக்கல் என்றால் குழாய் நல்ல ஆண்டுகளைத் தரக்கூடும். மறதிநோய் முற்றிப் படுக்கையோடு இருப்பவருக்குக் கிடைக்கும் நன்மை குறைவு. ஆபத்தை ஏற்றுக்கொண்டு, பிடித்ததைக் கரண்டி கரண்டியாக, வேண்டும் அளவுக்கு மட்டும் ஊட்டுவதும் முறையான மருத்துவ முடிவுதான். அதைக் கைவிடுதல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அவரால் பேச முடிகிற காலத்திலேயே அவரைக் கேட்டு, எழுதிவைத்து, நரம்பியல் மருத்துவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்தால் "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது" என்ற உத்தரவு முதல் மணி நேரத்திலேயே வரலாம். அந்த வரியில் பார்க்கின்சன் மருந்தும் சேர்ந்து நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மருந்தை மூக்குக்குழாய் வழியாகவோ பட்டையாகவோ எப்படித் தொடரப்போகிறார்கள் என்று அப்போதே கேளுங்கள். கையில் ஒரு தாள் தயாராக இருக்கட்டும்: மருந்துகளின் பெயர், அளவு, மணிக் கணக்கில் நேரம்; பொடிக்கக் கூடாதவை; கொடுக்கக் கூடாத குமட்டல், கலக்க மருந்துகள்; பானத்தின் நிலை எண், உணவின் நிலை எண்; திக்கனர் எந்த வகை; ஊட்டும் நிலை; செயற்கைப் பல் உண்டா; குழாய் பற்றி அவர் சொன்ன முடிவு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மருத்துவக் கோப்பிலும் மற்றொன்றைக் கட்டிலின் தலைமாட்டிலும் வையுங்கள். மருந்தோ நிலை எண்ணோ மாறும் ஒவ்வொரு முறையும் தேதியிட்டு மாற்றி எழுதுங்கள்.